ரெஹானா போட வேண்டிய நிறம்

கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள் என்கிறார்களே, ஆமாம், தொங்கவிட்டாள்தான். இல்லையென்று யார் சாதித்தது? ஆனால் ஏன் என்று ஒரு ஆளாவது மேலே போய்க் கேட்டிருக்கலாம். மூன்று மாடிதான். லிஃப்ட்கூட இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண் தேசத்துரோகி, எல்லைக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருவனிடம் மயங்கிவிட்டாள், புத்தி பேதலித்துவிட்டது என்று மூன்று விதமாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு, லிஃப்டில் ஏறி ஒரு பொத்தானை அழுத்தத் தெரியாமல் போய்விட்டது.

முதலில் அந்த 'எவனோ' யாரென்று சொல்லிவிட வேண்டும். அவன் இல்லை, அவள். பெயர் ரெஹானா. பத்து வருஷமாகப் பனிக்காலத்தில் வந்து, அதே மூன்றாம் மாடியில் பத்து நாள் தங்கி, தோசை தின்றுவிட்டுப் போன பெண். இன்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள் எல்லாரும் அவளோடு லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள்தான். தன் ஊரான ராஜ்ஷாஹியிலிருந்து அவள் கொண்டுவந்த மாம்பழ வற்றலைச் சப்புக்கொட்டித் தின்றவர்களும்தான்.

நீலாவதிக்கு முப்பத்துநாலு வயது. இந்த வங்காள நகரத்தின் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பேங்கிலும் வேலை பார்த்த பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா துரைசாமி, கிதர்பூர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள்மேல் எண் வெட்டிய தகட்டை வைத்துச் சாயம் ஒற்றும் வேலையில் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். அம்மா நாகலட்சுமி. ஒரே பெண். பெண் பேங்கில் உட்காருவாள் என்று நினைத்தார்கள். அவள் சாந்திநிகேதன் போய் மரத்தைச் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் கலையைப் படித்துவிட்டு வந்தாள். அங்கே ஐந்து வருஷம் ஒரே அறையில் அடுத்த கட்டிலில் படுத்தவள்தான் இந்த ரெஹானா.

அச்செடுப்பது எப்படி என்று தெரிந்தாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. பலகையில் மையை உருட்டி, மேலே தாளைப் படிய வைத்து, தாளின் முதுகை மரக்கரண்டியால் தேய்க்க வேண்டும். நாகலட்சுமியின் சோற்றுக்கரண்டி காணாமல் போனது அப்படித்தான். தேய்த்து உரித்தால் ஒரு நிறம் வந்திருக்கும். அது காய மூன்று நாள். மழைக்காலமென்றால் ஒரு வாரம். காய்ந்த பிறகுதான் அடுத்த பலகை, அடுத்த நிறம். தாளின் மேல் ஓரத்தில் ஒரு விரற்கடை வெள்ளைதான் இருக்கும். கீழ் ஓரத்தில் நாலு விரல் விட்டிருப்பார்கள். போட்டவர் பென்சிலால் பெயர் எழுதுகிற இடம் அது. கிளிப் போட இடம் அங்கேதான் உண்டு. ஆகவே எந்தப் படமானாலும் காயும்போது தலைகீழாகத்தான் தொங்கும். துரைசாமியின் முகத்தை அவள் அச்செடுத்தபோது அதுவும் ஒரு வாரம் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் தலைகீழாகத்தான் தொங்கியது. அப்போது ஒருவரும் போலீஸ், சட்டம் என்று பேசவில்லை.

ரெஹானா கடைசியாக வந்தது இரண்டு பனிக்காலத்துக்கு முன். ஒரு மத்தியான வேளை, பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டு இருவரும் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பலகை ஒன்று மடிமேல் இருந்தது. இரண்டு நாட்டுக் கொடியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போடுவது என்று அதற்கு முந்தின நாளே பேசியிருந்தார்கள். இந்தியக் கொடியின் அடியில் ஓடும் பச்சைப் பட்டை நிற்காமல் அப்படியே பக்கத்துக் கொடியின் பச்சைக்குள் போய்க் கலந்துவிட வேண்டும். நடுவில் கோடு கிடையாது. இரண்டுக்கும் ஒரே பலகை, ஒரே மை.

"உன் கொடிய நான் போடறேன். என் கொடிய நீ போடு," என்றாள் ரெஹானா. அவர்கள் பேசிக்கொண்டது வங்காள மொழியில்.

"எதுக்கு?"

"என்னோடதுன்னா கண்ண மூடிட்டு போட்டுடுவேன். உன்னோடதுன்னா கை நடுங்கும். அடுத்த வீட்டுக் குழந்தைய வாங்கிக் கையில வச்சுக்கற மாதிரி."

"கீழ போட்டுடாத."

"அதத்தான சொல்றேன்."

இப்படித்தான் பேச்சு முடிவானது. பச்சையை மட்டும் இருவரும் சேர்ந்தே நாற்பது தாளில் போட்டார்கள். ஒருத்தி தேய்க்க, ஒருத்தி உரித்தாள். நாலு நாள் ஆயிற்று. ரெஹானாவின் நெற்றியில் ஒரு பச்சைத் தீற்று இருந்ததை நீலாவதி பார்த்தும் சொல்லவில்லை. சொன்னால் துடைத்துவிடுவாள் என்று அப்படியே விட்டாள். பிறகு தாள்களை ஆளுக்கு இருபதாகப் பிரித்துக்கொண்டார்கள். ரெஹானாவின் கொடியில் வரும் சிவப்பு வட்டம் நீலாவதியின் பங்கு. காவியும் நீலச் சக்கரமும் ரெஹானாவின் பங்கு. அவரவர் இருபதில் அவரவர் பங்கைப் போட்டு வைப்பது, அடுத்த பனிக்காலத்தில் ரெஹானா வரும்போது தாள்களை மாற்றிக்கொண்டு மிச்சத்தைப் போடுவது, கீழே இரண்டு பேரும் பெயர் எழுதுவது என்று பேச்சு.

கிளம்புகிற அன்று காலை லேக் மார்க்கெட்டில் அரைக் கிலோ காப்பிப்பொடி வாங்கினார்கள். ராஜ்ஷாஹியில் ரெஹானாவின் அம்மாவுக்கு அந்தக் காப்பி பழகிப்போயிருந்தது. தாள் சுருட்டி வைத்த நீளக் குழாய்க்குள்ளேயே பொட்டலத்தையும் செருகிக்கொண்டாள். "எல்லாத் தாளும் காப்பி மணக்கும்," என்று நீலாவதி சொன்னாள். "மணக்கட்டும்," என்றாள் அவள். தட்டில் நாலாவது தோசை விழுந்தபோது, பத்து வருஷத்தில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னாள். "போதும்."

அந்த வருஷம் ஆடி மாதம் முடிவதற்குள் ரெஹானாவின் நாட்டில் கலவரம், ஆட்சி மாற்றம். டாக்கா ரயில் நின்றது. விசா கொடுக்கும் ஜன்னல் மூடியது. அப்புறம் திறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளுக்கு மட்டும் திறந்தது. தோழியைப் பார்க்க வேண்டும், இருபது தாள் பாக்கி இருக்கிறது என்றால் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அடுத்த பனிக்காலம் வந்தது. நாகலட்சுமி கை மறந்து ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாக ஊறப்போட்டுவிட்டு, மாவு பொங்கி வழிந்த பிறகு நினைத்துக்கொண்டாள். நீலாவதி பீரோமேல் இருந்த தாள்களை வாரம் ஒரு தடவை இறக்கிப் பார்ப்பாள். இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பாளே தவிர ஒன்றும் செய்ய மாட்டாள். பச்சை மட்டும் ஓடிய தாள். இடது பக்கம் காவி வர வேண்டிய இடம் வெறும் வெள்ளை. அதன் நேர் கீழே பென்சிலால் ரெஹானா எழுத வேண்டிய இடமும் வெள்ளை. சில தாள்களின் பின்பக்கம் அவள் கட்டைவிரல் தடம் பச்சையாகப் பதிந்திருந்தது. தேய்க்கிறபோது அழுத்திப் பிடித்த கை. அந்தத் தடத்தின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள். அவளுக்குப் பெரிய விரல். இவள் விரல் அதற்குள் அடங்கிவிடும்.

போனில் பேசினார்கள். பேசாமல் என்ன. படம் தெரியும், குரல் பின்னால் வரும். சிரித்தால் சிரிப்பு முடிந்த பிறகு சத்தம் கேட்கும். இந்த வருஷம் ஆனி மாதம் ஒரு நாள் ரெஹானா கூப்பிட்டாள்.

"இன்னிக்கு காவி போட்டுட்டேன், நீலு. சக்கரமும் போட்டாச்சு. இருபத்துநாலு ஆரம், எண்ணிப் பாத்துக்கோ. கை நடுங்குச்சு."

"எங்க காயப் போட்டிருக்க?"

"பாத்ரூம்ல. வெளிய போட்டா கேக்கறாங்க, உன் கொடியில செவப்பு சூரியன் எங்க போச்சு, அவங்க கொடி மட்டும் முழுசா இருக்கேன்னு." அவள் சிரித்தாள். சிரிப்பின் சத்தம் தாமதமாக வந்தது. "இனிமே நீ சிவப்பு போடு. வழி திறக்கும்போது என்னால தாமதம்னு இருக்கக் கூடாது. உன்னாலயும் இருக்கக் கூடாது."

நீலாவதி சிவப்பு வட்டத்தைச் செதுக்கினாள். நடுவில் இல்லை. அந்தக் கொடியில் வட்டம் கம்பத்துப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருக்கும், பறக்கும்போது நடுவில் தெரிவதற்காக. அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும், ஆகவே பலகையில் எதிர்ப்பக்கம் தள்ளிச் செதுக்க வேண்டும். மூன்று தடவை ரெஹானாவுக்குப் படம் அனுப்பிக் கேட்டாள். தன் நாட்டுக் கொடிக்கு அவ்வளவு அளவு பார்த்திருப்பாளோ என்னவோ. இருபது தாளிலும் போட்டாள். அடைமழை. வீட்டுக்குள் ஈரம். காயவே இல்லை. மழை விட்ட ஒரு காலையில் பால்கனியில் கயிறு கட்டி இருபதையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். வழக்கம்போலத்தான், கீழ் ஓரம் மேலே.

அதைத்தான் இரண்டாம் மாடி வித்யாலக்ஷ்மி கண்டது. கண்டு, பூ வாங்க நின்ற முதல் மாடி ரோஹிணியிடம் சொன்னது.

"நான் என் கண்ணால பாத்தேன்டி. அவா கொடி பளிச்சுனு செவப்பும் பச்சையுமா முழுசா இருக்கு. நம்மளது வெறும் பச்சைக் கோடு. அதுவும் தலைமாட்டுல. காவியக் காணவே காணோம்."

"நல்லா பாத்தீங்களா மாமி?"

"ஒண்ணா ரெண்டா, இருபது தொங்கறது. எண்ணினேன்."

எண்ணத் தெரிந்தது. கேட்கத் தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் குடியிருப்பின் வாட்ஸப்பில் படம் வந்துவிட்டது. 'காவியை அழித்த கை' என்று யாரோ அடியில் எழுதியிருந்தார்கள். பக்கத்துத் தெரு வாலிபர் க்ளப் பையன்களுக்கும் அது போனது. துரைசாமி காலையில் லேக் பக்கம் நடக்கப் போனபோது, பதினெட்டு வருஷமாகக் கூட நடப்பவர் செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்துகொண்டார்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வெங்கடராமன் மேலே வந்தார். வித்யாலக்ஷ்மியின் புருஷர், குடியிருப்புச் செயலாளர், பேங்கில் மேனேஜராக இருந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. லிஃப்டில் ஏறி வந்தவர் அவர் ஒருத்தர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். நீலாவதி தாளைக் காட்டி எல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டார்.

"புரியறதும்மா. எனக்குப் புரியறது. கீழ இருக்கற பன்னெண்டு வீட்டுக்கும் க்ளப்புக்கும் நான் போய் எப்படிப் புரியவைப்பேன்? தலைகீழ் கொடி சட்டப்படி குத்தம்ங்கறா. பதினஞ்சாம் தேதி கொடியேத்தறோம், க்ளப் பசங்களும் வருவா. அதுக்குள்ள ஒரு காரியம் பண்ணு. காவிப் பட்டைய நீயே போட்டுடு. ஒரு நாள் வேலைதானே? நானே ஒண்ணை எடுத்துண்டு போய்க் காட்டி எல்லார் வாயையும் அடைச்சுடறேன்."

"அது என் பங்கில்ல, அங்கிள்."

"காவி உன் பங்கில்லையா? கேக்கறவா என்ன நெனைப்பா, சொல்லு."

"அவ போடணும்."

"அவ எப்ப வரது?"

அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். வெங்கடராமன் காப்பியைக் குடித்துவிட்டு, துரைசாமியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் நாகலட்சுமி தொடங்கினாள். "ஏண்டி, ஒரு பட்டைதான? தேச்சுட்டுப் போயேன். அந்தப் பொண்ணுகிட்ட போன்ல சொன்னா வேணாம்னா சொல்லப் போறா?"

"சொல்ல மாட்டா. சரின்னுதான் சொல்லுவா."

"அப்புறம் என்ன?"

"நானே போட்டுட்டேன்னா, அவ வரமாட்டான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரிம்மா."

நாகலட்சுமி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். துரைசாமி பேப்பரைப் பிரித்துப் பிடித்திருந்தார். பக்கம் திருப்பவே இல்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி ஊரான போன்காவில் ஒரு பள்ளிக்கூடம் ஓவிய டீச்சர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தது. வழி திறந்தால் ரெஹானா முதலில் கால் வைக்கிற மண் அதுதான். ஆட்டோவில் ஏறினால் அரை மணியில் செக்போஸ்ட். திங்கட்கிழமைக்குள் சேரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால். போவதா வேண்டாமா என்று கடிதத்தை மை உருளைக்கு அடியில் வைத்திருந்தாள்.

பதினாலாம் தேதி மத்தியானம் நாகலட்சுமி காப்பிப்பொடி தீர்ந்துவிட்டது, நாளைக்குக் கடை இருக்காது என்றாள். நீலாவதி லேக் மார்க்கெட் போனாள். வறுக்கிற மணத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தன்னை அறியாமல் இரண்டு பொட்டலமாகக் கட்டச் சொன்னாள். வீடு திரும்பும்போது மணி ஐந்து.

துரைசாமி சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மூக்குக்கண்ணாடி. பனியன். மேஜைமேல் பேப்பர் விரித்து, அதன்மேல் இருபது தாளில் ஒரு தாள். ஓரங்களுக்கு டேப் ஒட்டி, அட்டையை அளந்து வெட்டித் தகடு மாதிரி வைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றிக் காவி போட்டிருந்தார். துறைமுகத்தில் வருஷக்கணக்காகப் பெட்டிமேல் எண் எழுதிய கை. ஒரு நூல் வழியவில்லை. பக்கத்தில் கிண்ணத்தில் நீலமும் கரைத்து வைத்திருந்தார்.

"ஒண்ணு போட்டு சரி பாத்தேன்," என்றார் நிமிராமல். "மத்தத நாளைக்கு விடியறதுக்குள்ள முடிச்சுடுவேன். நீ போட வேணாம்மா. நீ போட்டதா இருக்காது. அந்தப் பொண்ணு கேட்டா, எங்கப்பா போட்டுட்டார்னு சொல்லு. காக்கு பண்ணிட்டார்னு சொன்னா அது கோச்சுக்காது."

ரெஹானா அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவாள். சித்தப்பா என்று அர்த்தம்.

நீலாவதி பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஈரக் காவி பளபளவென்று இருந்தது. அந்த வெள்ளையை ஒன்றரை வருஷமாக எத்தனை தடவை பார்த்திருப்பாள். அந்த இடம் நிரம்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோதெல்லாம் அதில் ரெஹானாவின் கை தெரிந்தது. இப்போது நிரம்பியிருந்தது, கை மட்டும் வேறு.

"நல்லா வந்திருக்குப்பா."

"அப்ப மத்ததும்?"

"வேணாம்ப்பா. சக்கரத்தையும் போட்டு இத முடிங்க. இது உங்களுது."

அவர் முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். ஆரங்களை அவர் சன்னத் தூரிகையால் இழுத்தார், அவள் எண்ணினாள். பிறகு பென்சிலைக் கொடுத்து இடது பக்கக் கீழ் ஓரத்தைக் காட்டினாள். "போட்டவங்க பேர் எழுதணும். அதான் வழக்கம்."

துரைசாமி அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். அது யார் பெயருக்காக வைத்திருந்த இடம் என்று அப்போதுதான் உறைத்தது. பென்சிலைக் கீழே வைத்தார்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"எழுதுங்கப்பா."

எழுதினார். வி. துரைசாமி. பெட்டிமேல் எழுதுவதுபோல, அச்சடித்த மாதிரி எழுத்து. அவள் வலது பக்கம் தன் பெயரை எழுதினாள். அந்தத் தாள் முடிந்துவிட்டது. மிச்சம் பத்தொன்பதையும் சுருட்டிக் குழாயில் போட்டு மூடினாள். மை உருளையை எடுத்து, அடியிலிருந்த கடிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"நான் போன்காவ் போறேன்ப்பா. நாளைக்கே."

கடிதத்தைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எத்தன மணிக்கு ரயில்?" என்று மட்டும் கேட்டார்.

காவி போட்ட தாள் இருந்தால் கொடுக்கச் சொல்லி வெங்கடராமன் அன்று ராத்திரி ஆள் அனுப்பினார். துரைசாமி கொடுக்கவில்லை. "அது வீட்டுல இருக்கட்டும்னு சொல்லு," என்றுவிட்டார். அவர் கொடுத்திருந்தால் ஒரு பொழுதில் எல்லார் வாயும் அடைந்திருக்கும். கொடுக்கவில்லை. அதையும்கூட இன்று அந்தப் பெண்மேல்தான் குற்றமாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை நாகலட்சுமி இட்லி கட்டிக் கொடுத்தாள். காப்பிப்பொடிப் பொட்டலத்தில் ஒன்றை எடுத்துக் குழாய்க்குள் தானே செருகினாள். "அவ வந்தா குடு. ரொம்ப நாள் வச்சா மணம் போயிடும், வாரத்துக்கு ஒரு தடவ மூடியத் தொறக்காத," என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்வரை வந்து நின்றாள்.

கீழே முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சட்டையில் காகிதக் கொடி, மேஜைமேல் பூந்தி மடித்த பொட்டலங்கள். க்ளப் பையன்கள் ஒரு ஓரமாக. வெங்கடராமன் கயிற்றை இழுத்தார். கொடி அவிழ்ந்து ரோஜா இதழ்கள் கொட்டின. தேசியகீதம் தொடங்கியபோது நீலாவதி லிஃப்டை விட்டு வெளியே வந்து படியில் கால் வைத்திருந்தாள்.

நின்றாள். தோளில் தாள் குழாய், கையில் பெட்டி. பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றாள். வித்யாலக்ஷ்மி ஓரக்கண்ணால் பார்த்தாள். ரோஹிணி பார்த்தாள். பாட்டு முடிகிறவரை ஒருவரும் அசைய முடியாது, ஒரு வார்த்தை பேச முடியாது. வரிசையின் கடைசியில் துரைசாமி இருந்தார். நேற்றைய காவி அவர் நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. அவர் திரும்பவில்லை. அவள் அங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் பாடுகிற குரல் நடுவில் ஒரு இடத்தில் நின்று, பிறகு மறுபடியும் சேர்ந்துகொண்டது.

அவளும் பாடினாள். சின்ன வயதிலிருந்து அந்த முற்றத்தில் வருஷா வருஷம் பாடுவதுதான். தலைக்குமேல் கொடி நனைந்த காற்றில் பாதி விரிந்து பாதி சுருண்டு கிடந்தது. காவி தெரிந்தது, பச்சை மடிப்புக்குள் இருந்தது.

பாட்டு முடிந்தது. பொட்டலங்கள் கை மாறத் தொடங்கின. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் நடந்தாள். அவள் போனபோது காப்பி மணம் வந்தது என்று ரோஹிணி பிற்பாடு சொன்னாள். டாக்குரியாவில் லோக்கல் பிடித்து, சியால்தா போய், அங்கிருந்து போன்காவ் வண்டி. கேட்டைத் திறந்தாள். வெளியே வந்ததும், அது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க, திரும்பி நின்று கொக்கியை மாட்டிவிட்டுப் போனாள்.